நாய்ஸ் மேல பழி போடாதீங்க: க்வாண்டம் சர்க்யூட் சொதப்புனா எங்கெங்க பாக்கணும்

சாதாரண ப்ரோக்ராம்ல தப்பு இருந்தா அதுவே கத்தும், எந்த லைன்னு கூட சொல்லும். க்வாண்டம் ப்ரோக்ராம் அப்படி இல்ல. தப்பா எழுதுன சர்க்யூட்டும் (க்யூபிட்ங்கிற க்வாண்டம் பிட்டுங்க மேல வரிசையா போடுற கேட்டுங்க) சமத்தா ஓடும், 1024 ஷாட் எண்ணி (ஒரு ஷாட்னா ஒரு தடவ ஓட்டுறது) அழகா ஒரு ஹிஸ்டோகிராம் வரைஞ்சு குடுக்கும், நாமளும் அத ரெண்டு நிமிஷம் முறைச்சு பாத்துட்டு "நாய்ஸ் ஜாஸ்தி போல"ன்னு மெஷினோட பிழை மேல பழிய போட்டு மூடி வெச்சிட்டு போயிடுவோம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான். நானும் நாய்ஸ்னு நோட்ல எழுதி வெச்சு, அப்புறமா நாய்ஸே இல்லாத சிமுலேட்டர்ல ஓட்டி பாத்தா அங்கயும் அதே தப்பு வந்து நின்ன கேஸ் நிறைய இருக்கு.

அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல ஒன்னு பண்ணுங்க. சர்க்யூட்ட 3 இல்லன்னா 4 க்யூபிட்டுக்கு சுருக்குங்க, பதில் என்னன்னு பேப்பர்ல முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, நாய்ஸ் மாடல் எதுவும் போடாத சிமுலேட்டர்ல ஓட்டுங்க. அங்கயே தப்புன்னா கோளாறு உங்க கோட்லதான், மெஷின் பக்கம் போகவே வேணாம். அங்க சரியா வந்து நிஜ மெஷின்ல மட்டும் சொதப்புச்சுன்னா நேரா கடைசி ரெண்டு பகுதிக்கு போயிடுங்க. நான் ஐபிஎம்மோட கிஸ்கிட் லைப்ரரிதான் தெனமும் ஓட்டுறேன், அதனால பேரெல்லாம் அதுலருந்து வரும், ஆனா வியாதி எல்லா லைப்ரரிக்கும் பொதுதான்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு இம்போர்ட்டே ஆகல"

கிஸ்கிட் 1.0 வந்தது 2024 பிப்ரவரில. அதுல பழைய சாமான் நிறைய தூக்கிட்டாங்க. எக்ஸிக்யூட் ஃபங்ஷன் இல்ல, ஏர் சிமுலேட்டர் தனி பேக்கேஜா போயிடுச்சு, பைண்ட் பேராமீட்டர்ஸ் போயி அசைன் பேராமீட்டர்ஸ் மட்டும்தான். நெட்ல கெடைக்கிற பழைய டுடோரியல் எல்லாம் இந்த மூனுல ஒன்னுலயாவது விழும், ஏஐ கிட்ட கோட் எழுத சொன்னாலும் பல நேரம் அந்த காலத்து கோடத்தான் எடுத்து குடுக்குது.

இன்னொன்னு, 1.0க்கு முந்தின வரிசைல இருந்த என்விரான்மென்ட்லயே மேல அப்கிரேட் போட்டா பழைய பேக்கேஜும் புதுசும் ஒன்னோட ஒன்னு முட்டிக்கும். அத உக்காந்து சரி பண்ணலாம்னு பாக்காதீங்க, புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்னு போட்டு அதுல இன்ஸ்டால் பண்ணுங்க, முடிஞ்சுது.

"பதில் வருது, ஆனா கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி வருது"

110 வரணும், 011 வருது. இது பிட் வரிசை. கிஸ்கிட்ல 0ஆவது க்யூபிட் ஸ்ட்ரிங்கோட வலது கோடில உக்காரும், கூகுளோட சர்க் லைப்ரரில அதே க்யூபிட் இடது கோடில, பாடப்புத்தகமெல்லாம் பெரும்பாலும் இடதுதான். ரெண்டு லைப்ரரிக்கு நடுவுல கோட மாத்துறவங்க, புக் பாத்து மேட்ரிக்ஸ் எழுதி யூனிட்டரி கேட்டா உள்ள சொருகுறவங்க, எல்லாரும் இதுல ஒரு தடவையாவது விழுந்து எந்திரிச்சிருப்பாங்க.

சோதிக்கிறது ரொம்ப ஈஸி. 3 க்யூபிட், 0ஆவது மேல மட்டும் ஒரு எக்ஸ் கேட் (0வ 1 ஆக்கும்), மூனையும் மெஷர். கிஸ்கிட்ல 001 வரும், சர்க்ல 100. இத ஒரு தடவ ஓட்டி பாத்து டெஸ்ட் ஃபைல்ல முத டெஸ்ட்டா வெச்சுக்கோங்க. பாலி ஸ்ட்ரிங்குக்கும் (எந்த க்யூபிட்ல எத அளக்கணும்னு சொல்ற எழுத்து வரிசை) இதே விதிதான், இசட்-ஐ-ஐ ன்னு எழுதுனா கிஸ்கிட்ல இசட் போய் உக்காருறது 2ஆவது க்யூபிட் மேல, 0ஆவது மேல இல்ல. கவுன்ட்ஸ (எந்த பதில் எத்தன தடவ வந்துச்சுங்கிற எண்ணிக்கை) மட்டும் சரி பண்ணிட்டு அப்சர்வபிள (அளக்க போற அந்த பாலி ஸ்ட்ரிங்க) மறந்துட்டு, எனர்ஜி ஏன் தப்புன்னு ஒரு வாரம் தேடுனவன் நான்.

இந்த பக் ஏன் இவ்ளோ நாள் ஒளிஞ்சிருக்குன்னா, எல்லாரும் டெஸ்ட் பண்றது பெல் ஸ்டேட் வெச்சு, இல்லன்னா ஜிஹெச்இசட் வெச்சு, ரெண்டுலயும் எல்லா க்யூபிட்டும் ஒரே பதில்தான் சொல்லும். 00, 11. 000, 111. திருப்பி போட்டாலும் அதேதான் வரும்! எப்பவும் ஒரு பக்கம் சாஞ்ச பதில் வர்ற மாதிரி டெஸ்ட் எழுதுங்க, 011, 001 இந்த மாதிரி.

"கவுன்ட்ஸ் நடுவுல ஸ்பேஸ் வருது" / "மெஸ்னு ஒரு ஆட்ரிபியூட்டே இல்லங்குது"

ரெண்டும் ஒரே வீட்டு பிரச்சனைதான். சர்க்யூட் உருவாக்கும்போதே கிளாசிக்கல் பிட் குடுத்துட்டு கடைசில மெஷர் ஆல் போட்டா அது உங்க பிட்டுல எழுதாது, மெஸ் (meas)னு தனியா ஒரு ரிஜிஸ்டர் சேத்து அதுல எழுதும், அதனாலதான் "11 00"ன்னு வருது, வலது பக்கம் இருக்கிற 00 யாரும் தொடாத உங்க பழைய பிட்டு. ஒன்னு கிளாசிக்கல் பிட் குடுக்காம சர்க்யூட் கட்டுங்க, இல்ல மெஷர்னு போட்டு எந்த க்யூபிட் எந்த பிட்டுக்குன்னு நீங்களே சொல்லுங்க. புது சாம்ப்ளர்ல (சர்க்யூட்ட ஓட்டி கவுன்ட்ஸ் குடுக்கிற கிஸ்கிட் கருவி) ரிசல்ட்ட ரிஜிஸ்டர் பேர சொல்லித்தான் எடுக்கணும், மெஷர் ஆல் போட்டிருந்தா மெஸ், நீங்களா பிட் எண்ணிக்கை குடுத்திருந்தா பொதுவா சி.

"நான் சேத்த பகுதி ஓடவே இல்ல"

ஒரு சர்க்யூட்டோட இன்னொன்ன ஒட்ட கம்போஸ் போட்டீங்க, எரர் இல்ல, ஆனா ரிசல்ட்ல அது இருந்த தடயமே இல்ல. ஏன்னா கம்போஸ் உங்க சர்க்யூட்ட தொடாது, ஒட்டுன சர்க்யூட்ட புதுசா திருப்பி குடுக்கும், நீங்க அத எந்த வேரியபிள்லயும் வாங்கல. பேராமீட்டருக்கு வேல்யூ போடுற அசைன் பேராமீட்டர்ஸும் அப்படித்தான். திருப்பி குடுக்கிறத வாங்குங்க, இல்ல இன்ப்ளேஸ ட்ரூன்னு போடுங்க.

இதுக்கு ஒரு மோசமான தம்பி இருக்கான். தீட்டா1, தீட்டா2 ன்னு தனித்தனியா பேராமீட்டர் செஞ்சு, வேல்யூவ லிஸ்ட்டா குடுக்குறீங்க. 9 வரைக்கும் எல்லாம் சரி. 10 வந்ததும் சர்க்யூட் பேர அகராதி வரிசைல அடுக்கும், தீட்டா1, தீட்டா10, தீட்டா2ன்னு. உங்க ரெண்டாவது நம்பர் தீட்டா10க்கு போயிடும். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, சின்ன மாடல்ல நல்லா கத்துக்கிட்டது பெருசாக்குனதும் கத்துக்க மாட்டேங்குதுன்னு நீங்க ஆப்டிமைசர மாத்தி மாத்தி போட்டுட்டு இருப்பீங்க. பேராமீட்டர் வெக்டர் யூஸ் பண்ணா எண் வரிசையே வரும், இல்லன்னா லிஸ்ட்டுக்கு பதிலா டிக்ஷனரியா குடுத்துருங்க.

எதுவா இருந்தாலும் ஓட்டுறதுக்கு முன்னாடி சர்க்யூட்ட ஒரு தடவ ட்ரா பண்ணி கண்ணால பாருங்க. இத சொன்னா சிரிப்பாங்க, ஆனா இந்த பகுதில இருக்கிற முக்கால்வாசி அங்கயே தெரிஞ்சிரும்.

"ஒரே பதில் வரணும், 50-50 வருது"

இதுதான் இருக்கிறதுலயே பெரிய தலைவலி, கொஞ்சம் நிதானமா பாப்போம்.

ஒரு க்யூபிட் எடுங்க, ஹெச் கேட் (0வ, 0வும் 1ம் சரிபாதி கலந்த நிலையாக்கும்) போடுங்க, திரும்ப ஒரு ஹெச். ஒன்னுக்கொன்னு கழிஞ்சு 0 தான் எப்பவும் வரும், 1024க்கு 1024. இப்ப ரெண்டு ஹெச்சுக்கும் நடுவுல இன்னொரு க்யூபிட் மேல ஒரு சிநாட் போடுங்க, மொத க்யூபிட் கன்ட்ரோல், ரெண்டாவது டார்கெட், கன்ட்ரோல் 1ஆ இருந்தா டார்கெட்ட திருப்பும். மொத க்யூபிட்ட மட்டும் மெஷர் பண்ணுங்க. சிநாட் கன்ட்ரோல தொடலையே, அதே 0 தானே வரணும்? வராது, பாதி 0 பாதி 1. ரெண்டாவது க்யூபிட் மொதலாவது எந்த பக்கம் இருந்துச்சுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கு, அத நீங்க எட்டி பாக்காட்டியும் பரவால்ல, அது தெரிஞ்சு வெச்சிருந்தாலே போதும், ரெண்டு பாதையும் ஒன்னுக்கொன்னு கழிஞ்சுக்காது. இன்டர்ஃபெரன்ஸ் செத்துச்சு.

இப்ப உங்க ஆரக்கிள (பதில் சரியான்னு பாக்குற சர்க்யூட் பகுதி) பாருங்க. உள்ள கூட்டல், ஒப்பீடு எல்லாம் பண்ண ஆன்சில்லா (தற்காலிக க்யூபிட்) நாலு எடுத்திருப்பீங்க, ஆன்சர எழுதிட்டு ஆன்சில்லாவ அப்படியே குப்பையோட விட்டிருப்பீங்க. கிளாசிக்கல் கோட்ல டெம்ப்ரரி வேரியபிள்ல என்ன கெடந்தா நமக்கென்ன. இங்க அந்த குப்பைதான் சிநாட் டார்கெட், உங்க ரிஜிஸ்டரோட என்டாங்கிள் ஆகி (பின்னிக்கிட்டு) நிக்குது. அல்காரிதம் மொத்தமும் சரியா இருந்தாலும் ஹிஸ்டோகிராம் தட்டையா வரும்.

தீர்வு அன்கம்ப்யூட். கணக்கு போட்ட கேட் எல்லாத்தையும் வரிசைய திருப்பி, ஒவ்வொன்னுக்கும் இன்வெர்ஸ் போட்டு ஓட்டுங்க, நடுவுல ஆன்சர எடுத்துக்குற அந்த ஒரு கேட் மட்டும் திரும்ப வரக்கூடாது. சார்ல்ஸ் பென்னட் 1973லயே ரிவர்சிபிள் கம்ப்யூட்டிங்குக்காக சொல்லி வெச்ச வழி இது, க்வாண்டம் அல்காரிதம்னு யாரும் பேசாத காலம். கிஸ்கிட்ல கணக்கு பகுதிய தனி சர்க்யூட்டா எழுதி வெச்சா இன்வெர்ஸ்னு ஒரு கால்ல வந்துரும், கைல திருப்பி எழுதாதீங்க, கண்டிப்பா ஒரு கேட் விட்டுப்போகும்.

இங்க ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் தோணும், "ரீசெட் போட்டா ஆன்சில்லா 0 ஆயிடுமே". ஆகும். ஆனா ரீசெட்ங்கிறது மெஷர் பண்ணி ரிசல்ட்ட தூக்கி போடுறதுக்கு சமம், குப்பைய அழிக்கல, குப்பைய வெளிய கசிய விட்டுட்டீங்க. 50-50 அப்படியே இருக்கும், ஆன்சில்லாவ சோதிச்சா மட்டும் 0ன்னு காட்டி ஏமாத்தும். அது இன்னும் கெட்டது.

சோதனை: கடைசில ஆன்சில்லாவையும் மெஷர் பண்ணுங்க. எல்லா ஷாட்லயும் 0 வரணும். ஒன்னு ரெண்டு ஷாட்ல 1 வந்தாலும் அன்கம்ப்யூட் ஒழுங்கா ஆகல. ஃபேஸ் கிக்பேக்குக்காக (ஆரக்கிளோட பதில ப்ளஸ்-மைனஸ் குறியா மாத்துற வித்தை) மைனஸ் நிலைல வெச்சிருக்கிற க்யூபிட்ட மட்டும் இந்த கணக்குல சேக்காதீங்க, அது வேற ஜாதி.

இதே 50-50 வர்றதுக்கு இன்னொரு காரணம், டீபக் பண்றேன்னு நடுவுல ஒரு மெஷர் போட்டு பாத்துட்டு எடுக்க மறந்துடறது. பிரின்ட் ஸ்டேட்மென்ட் போடுற பழக்கம் நமக்கு போகாது, ஆனா இங்க பாத்தாலே ஸ்டேட் உடைஞ்சுரும். நடுவுல எட்டி பாக்கணும்னா ஏர் சிமுலேட்டர்ல சேவ் ஸ்டேட்வெக்டர் (அந்த நேரத்து முழு நிலைய சேமிக்கிறது) போடுங்க, அது எதையும் தொடாது. நிஜ மெஷின்ல இந்த வசதி கெடையாது, அதனாலதான் சிமுலேட்டர்லயே எல்லாத்தையும் முடிச்சிட்டு போங்கன்னு திரும்ப திரும்ப சொல்றேன்.

"க்ரோவர் ஓட்டுனா, இன்னும் அதிகமா ஓட்ட ஓட்ட மோசமாகுது"

பக் இல்ல, அது அப்படித்தான். க்ரோவர தேடல் அல்காரிதம்னு சொல்வாங்க, ஆனா அது தேடுறது இல்ல, சுத்துறது. சரியான பதில நோக்கி ஒவ்வொரு ஐட்டரேஷனும் ஒரு கோணம் திருப்பும், போதும்னு நிறுத்தலன்னா தாண்டி போயிடும். 8 பொருள்ல ஒன்ன தேடுறீங்கன்னா ஒன்னுமே பண்ணாம 12.5%, ஒரு ஐட்டரேஷன்ல 78.1%, ரெண்டுல 94.5%, மூனுல 33%. மூனாவது தடவ ஓட்டுனவன் "இன்னும் நல்லா வரும்"னு நெனச்சிருப்பான் பாவம்.

எத்தன தடவைங்கிறதுக்கு கணக்கு, மொத்த எண்ணிக்கையோட வர்க்கமூலத்த 0.785ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட அவ்ளோ. பதில் ஒன்னுக்கு மேல இருந்தா மொத்தத்த பதில் எண்ணிக்கையால வகுத்துட்டு அப்புறம் வர்க்கமூலம் எடுங்க. இதத்தான் நிறைய பேர் விடுறாங்க, ஆரக்கிள் 4 பதில ஒத்துக்குது, ஐட்டரேஷன் ஒரு பதிலுக்கு கணக்கு போட்டிருக்கு, ரெண்டு மடங்கு சுத்தி திரும்ப ஆரம்பிச்ச எடத்துக்கே கிட்ட வந்து நிக்குது. உங்க ஐட்டரேஷன் எண்ணிக்கைய 0லருந்து 6 வரை மாத்தி ஒரு கிராஃப் போட்டு பாருங்க. அலை மாதிரி ஏறி எறங்குனா ஆரக்கிள் நல்லாருக்கு, நிறுத்துற எடம்தான் தப்பு. எல்லா எடத்துலயும் தட்டையா இருந்தா முந்தின பகுதிக்கு திரும்ப போங்க, ஆன்சில்லா குப்பை.

"ஃபேஸ் எஸ்டிமேஷன்ல ஒரு கம்பம் வரணும், பக்கத்து பக்கத்துல ரெண்டு வருது"

ஃபேஸ் எஸ்டிமேஷன்னா ஒரு கேட் எவ்ளோ கோணம் (ஃபேஸ்) திருப்புதுன்னு அளக்கிறது. ஒரு நிஜ உதாரணம். டி கேட், 1 நிலை, 3 பிட். டி கேட் 1 நிலைக்கு 45 டிகிரி ஃபேஸ் குடுக்கும், முழு சுத்துல எட்டுல ஒரு பங்கு, அதனால 001 மட்டும் வரணும், 100%. உங்களுக்கு வருது 000 ஒரு 41%, 001 ஒரு 41%, மிச்சம் அங்கங்க சிதறி.

கன்ட்ரோல்டு கேட்டுக்கு சிஆர்இசட் (கன்ட்ரோல் வெச்ச ஆர்இசட்) போட்டீங்களா? அதான். ஆர்இசட் 45ம் பி 45ம் (ரெண்டும் ஃபேஸ் திருப்புற கேட்) தனியா பாத்தா ஒன்னுதான், குளோபல் ஃபேஸ் (மொத்த நிலைக்கும் பொதுவான கோணம்) மட்டும்தான் வித்தியாசம், அத மெஷர் பண்ண முடியாதுன்னு முத நாளே சொல்லி குடுத்திருப்பாங்க. ஆனா பி 1 நிலைக்கு முழு 45 டிகிரி குடுக்கும், ஆர்இசட் 0க்கு மைனஸ் 22.5, 1க்கு ப்ளஸ் 22.5னு பிரிச்சு குடுக்கும். கன்ட்ரோல் வெச்ச உடனே அந்த "மெஷர் பண்ண முடியாத" ஃபேஸ் கன்ட்ரோல் க்யூபிட் மேல ஏறி மெஷர் பண்ற மாதிரி ஆயிடும். நீங்க எஸ்டிமேட் பண்றது இப்ப 22.5 டிகிரி, எட்டுல அரை பங்கு, 000க்கும் 001க்கும் சரியா நடுவுல. அதான் ரெண்டு கம்பம் சமமா நிக்குது. சிஆர்இசட்ட சிபி (கன்ட்ரோல் வெச்ச பி) ஆக்குங்க, 001 தனியா வந்து நிக்கும்.

ரெண்டு கம்பம் சமமா இல்லாம ஒன்னு பெருசு ஒன்னு சின்னதுன்னா அது பெரும்பாலும் பக் இல்ல, உங்க ஃபேஸ் அத்தன பிட்டுக்குள்ள முழுசா அடங்கல, பிட் கூட்டுங்க. 001க்கு பதிலா 100 வந்தா க்யூஎஃப்டி (க்வாண்டம் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்) கடைசில வர்ற ஸ்வாப்ப (க்யூபிட்டுங்கள இடம் மாத்துற கேட்) விட்டிருப்பீங்க, இல்ல ரெண்டு தடவ போட்டிருப்பீங்க, இல்லன்னா மேல சொன்ன பிட் வரிசை.

"ஷோர் பாதி தடவ தப்பா சொல்லுது"

சொல்லட்டும், எண்ண ஃபேக்டரா உடைக்கிற அந்த அல்காரிதத்துலயே அது இருக்கு. 15அ உடைக்க அடிமானம் 7, 8 பிட் எடுத்தா 0, 64, 128, 192 நாலும் சமமா வரும். சரியான பீரியட் (7ஓட எத்தனாவது அடுக்க 15ஆல வகுத்தா மொதல்ல மீதி 1 வரும்ங்கிற எண்) 4. 64லயும் 192லயும் 4 கெடைக்கும், 128ல பின்னம் சுருங்கி 2ன்னு வரும், 0ல ஒன்னுமே கெடைக்காது. வந்த பீரியட கிளாசிக்கலா சரி பாருங்க, 7 ஸ்கொயர 15ஆல வகுத்தா மீதி 4, 1 இல்ல, அதனால 2 தப்பு, தூக்கி போட்டுட்டு இன்னொரு ஷாட்.

ஆனா 15அ வெச்சு டெஸ்ட் பண்றதே ஒரு பொறி. தப்பான அந்த 2அ வெச்சு மீப்பெரு பொது காரணி எடுத்தாலும் 6க்கும் (7 பவர் பாதி பீரியட், மைனஸ் 1) 15க்கும் 3 வந்துரும்! பீரியட் தப்பு, ஃபேக்டர் சரி, டெஸ்ட் பாஸ். 21, அடிமானம் 2 போட்டு பாருங்க, பீரியட் 6 வரணும்.

"விக்யூஇ எனர்ஜி எங்கயோ போயி நிக்குது"

விக்யூஇ ஒரு மாலிக்யூலோட கொறைஞ்சபட்ச எனர்ஜிய ஆப்டிமைசர் வெச்சு தேடும். ஹைட்ரஜன் மாலிக்யூல், அணு இடைவெளி 0.735 ஆங்ஸ்ட்ராம், எஸ்டிஓ-3ஜி (ஆர்பிட்டல எழுதுற அடிப்படை தொகுப்பு). இத வெச்சுத்தான் எல்லாரும் பழகுவாங்க, வந்து நிக்கிற நம்பர பாத்தே வியாதிய சொல்லிடலாம். மைனஸ் 1.137 ஹார்ட்ரீ (எனர்ஜி அலகு) வந்தா சரி. மைனஸ் 1.857 வந்தா உங்க கோட் சரியாத்தான் இருக்கு, நியூக்ளியர் ரிபல்ஷன் (அணுக்கருங்க ஒன்ன ஒன்னு தள்ளுறது) 0.72 கூட்டல, அவ்ளோதான், கிட்டத்தட்ட எல்லா ஆரம்ப ஆளும் இதுல விழுவாங்க. மைனஸ் 1.117ல நகராம நின்னா அது ஹார்ட்ரீ-ஃபாக் எனர்ஜி (எலக்ட்ரான் ஒன்னோட ஒன்னு பின்னிக்காத தோராயம்), அதாவது ஆப்டிமைசர் ஆரம்பிச்ச எடத்துலயே உக்காந்திருக்கு, ஆன்சாட்ஸோட (பேராமீட்டர் வெச்ச முயற்சி சர்க்யூட்) என்டாங்கிள் பண்ற பகுதி வேலையே செய்யல. கம்போஸ் மறந்த கதைய போயி பாருங்க.

மைனஸ் 1.15 மாதிரி உண்மைக்கும் கீழ போனா சந்தோஷப்படாதீங்க. வேரியேஷனல் விதிப்படி கீழ போகவே கூடாது, ஷாட் கம்மியா போட்டு அதிர்ஷ்டமா கீழ விழுந்த நம்பர ஆப்டிமைசர் பெஸ்ட்டுன்னு பிடிச்சு வெச்சிருக்கும். கடைசி பேராமீட்டர எடுத்து ஷாட்ட நல்லா ஏத்தி ஒரு தடவ தனியா ஓட்டி அந்த நம்பர மட்டும் நம்புங்க.

கிரேடியன்ட் பைத்தியம் பிடிச்ச மாதிரி குதிக்குதா? ஃபைனைட் டிஃபரன்ஸ் (பேராமீட்டர துளி ஆட்டி வித்தியாசம் எடுக்கிறது) போட்டிருப்பீங்க. கணக்கு பாருங்க, 1024 ஷாட்ல ஒரு பாலி எக்ஸ்பெக்டேஷன்ல (சராசரில) பிழை 0.03 வரைக்கும் வரும், ரெண்ட கழிச்சா 0.044, ஸ்டெப் 0.01 வெச்சா 0.02ஆல வகுக்கணும், பிழை 2.2 ஆயிடும். கிரேடியன்ட்டே 1ஐ தாண்டாத எடத்துல பிழை 2.2! பேராமீட்டர் ஷிஃப்ட்ல ரெண்டு பக்கமும் 90 டிகிரி தள்ளி எடுத்து 2ஆல வகுக்குறீங்க, அதே ஷாட்ல பிழை 0.022. நூறு மடங்கு வித்தியாசம், ஒரு பைசா செலவு இல்ல. பேராமீட்டர் நிறைய இருந்து கிரேடியன்ட் கட்டுப்படியாகலன்னா எஸ்பிஎஸ்ஏ (எல்லா பேராமீட்டரையும் ஒன்னா ரேண்டமா ஆட்டுற ஆப்டிமைசர்) போடுங்க, எத்தன பேராமீட்டர் இருந்தாலும் ஒரு ஸ்டெப்புக்கு ரெண்டு தடவ ஓட்டுனா போதும்.

குதிக்கல, ஆனா கிரேடியன்ட் எல்லாம் 0 கிட்டயே செத்து கெடக்கா? பேரன் ப்ளாட்டோ. 2018ல ஆராய்ச்சியாளர் மக்ளீனும் கூட இருந்தவங்களும் காட்டுனது, ரேண்டமா ஆரம்பிச்ச ஆழமான சர்க்யூட்ல க்யூபிட் கூட கூட கிரேடியன்ட் எக்ஸ்போனன்ஷியலா சுருங்கும். உறுதி பண்ண 4, 6, 8, 10 க்யூபிட்டுக்கு ரேண்டம் ஆரம்பத்துல ஒரு பேராமீட்டரோட கிரேடியன்ட் வேரியன்ஸ் எடுங்க, ஒவ்வொரு படிக்கும் கிட்டத்தட்ட ஒரே மடங்குல கொறஞ்சா அதேதான். ஷாட்ட ஏத்தி இத ஜெயிக்க முடியாது. லேயர கொறைங்க, ஆரம்ப பேராமீட்டர 0 கிட்ட வைங்க, காஸ்ட்ட (ஆப்டிமைசர் கொறைக்கிற எண்) "எல்லா க்யூபிட்டும் சேந்து 0ஆ"ன்னு ஒட்டுமொத்தமா கேக்காம ஒவ்வொரு க்யூபிட்டா கேக்குற மாதிரி எழுதுங்க.

"சிமுலேட்டர் மெமரி எரர்"

30 க்யூபிட் ஸ்டேட்வெக்டருக்கு 16 ஜிபி, ஒரு க்யூபிட் கூட்டுனா ரெண்டு மடங்கு, இது எல்லாருக்கும் தெரியும். 15 க்யூபிட்லயே விழுதுன்னா எங்கயோ ஆப்பரேட்டர் மேட்ரிக்ஸ் (மொத்த சர்க்யூட்டுக்கும் ஒரே மேட்ரிக்ஸ்) கட்டுறீங்க, அதுக்கு 15லயே அந்த 16 ஜிபி. ரெண்டு சர்க்யூட் ஒன்னான்னு பாக்க யூனிட்டரிய கம்பேர் பண்ற டெஸ்ட்தான் வழக்கமா குற்றவாளி. கிளிஃபோர்டு கேட் (ஹெச், சிநாட் மாதிரி) மட்டும்னா ஸ்டெபிலைசர் மெத்தட் போடுங்க, நூத்துக்கணக்கான க்யூபிட் அசால்ட்டா போகும், ஆனா ஒரு டி கேட் வந்தா அது ஒத்துக்காது.

"ஒவ்வொரு ரன்லயும் நம்பர் மாறுது"

1024 ஷாட்ல 50-50 காயின்னா 512க்கு 16 மேல கீழ ஆடுறது சகஜம், 490 வந்தா கேஸ் போடாதீங்க. பிழைய பத்துல ஒன்னாக்க ஷாட் நூறு மடங்கு. டெஸ்ட்ல சீட் (ரேண்டமோட ஆரம்ப எண்) போட்டு கட்டி வைங்க.

"ஜாப் சப்மிட் பண்ணதும் திருப்பி அனுப்புது"

2024 மார்ச்லருந்து ஐபிஎம் மெஷினுக்கு ப்ரிமிட்டிவ் (சாம்ப்ளர், எஸ்டிமேட்டர்) வழியா அனுப்புற சர்க்யூட் அந்த மெஷினோட கேட்டும் கனெக்ஷனும் மட்டும் யூஸ் பண்ணியிருக்கணும், ஹெச் கேட் அப்படியே போச்சுன்னா வாங்காது. பாஸ் மேனேஜர் வழியா ட்ரான்ஸ்பைல் பண்ணிட்டு (மெஷினோட கேட்டுக்கு மாத்தி எழுதிட்டு) அனுப்புங்க. எஸ்டிமேட்டர்ல "க்யூபிட் எண்ணிக்கை பொருந்தல"ன்னு சொன்னா சர்க்யூட் மெஷினோட மொத்த க்யூபிட்டுக்கும் விரிஞ்சிருக்கு, அப்சர்வபிள் இன்னும் 4லயே இருக்கு, அதுக்கும் அப்ளை லேஅவுட் போடணும்.

"சிமுலேட்டர்ல சூப்பர், மெஷின்ல குப்பை"

இப்பதான் நாய்ஸ் பத்தி பேச உரிமை வருது. ஹிஸ்டோகிராமோட வடிவத்த பாருங்க. சரியான பதில் பெருசா நிக்குது, அதுலருந்து ஒரே ஒரு பிட் மாறுன பதிலெல்லாம் சின்ன சின்னதா கூட நிக்குதுன்னா ரீடவுட் பிழை (மெஷர் பண்ணி படிக்கும்போது வர்றது), மிட்டிகேஷன் (பிழைய கணக்குல சரிகட்டுறது) போட்டா நல்லாவே சரியாகும். 0 நிறைய இருக்கிற பக்கம் சாயுதுன்னா க்யூபிட் காத்திருக்கிற நேரத்துல 1லருந்து 0க்கு வழுக்குது, அந்த நேர அளவுக்கு பேரு டி1, சர்க்யூட்ல யார் சும்மா நிக்கிறாங்கன்னு பாருங்க. எல்லாமே சமமா தட்டையா இருந்தா ஆழம் ஓவர், மிட்டிகேஷன் எதுவும் காப்பாத்தாது.

ஆழம் ஓவரான்னு மனக்கணக்குலயே தெரியும். ரெண்டு க்யூபிட் கேட் பிழை 0.5%னு வைங்க, 200 கேட்டுக்கு 0.995 பவர் 200, 37%தான் மிஞ்சும். 500 போட்டா 8%. நீங்க எழுதுன சர்க்யூட்ல 60 சிநாட்தானேன்னு சொல்வீங்க, ட்ரான்ஸ்பைல் ஆனப்புறம் எண்ணுங்க. பக்கத்துல இல்லாத க்யூபிட்டுங்கள சேத்து வைக்க ஸ்வாப் போடும், ஒரு ஸ்வாப்புக்கு மூனு சிநாட், ஹெவி-ஹெக்ஸ் லேஅவுட்ல (ஐபிஎம்மோட அறுகோண அடுக்கு) ஒரு க்யூபிட்டுக்கு அதிகபட்சம் மூனே பக்கத்து வீடு. டோஃபோலி (ரெண்டு கன்ட்ரோல் வெச்ச எக்ஸ்) ஒன்னுக்கே ஆறு சிநாட், அது ஸ்வாப்புக்கு முன்னாடி கணக்கு. ரூட்டிங்ல ரேண்டம் இருக்கு, அதனால ஆப்டிமைசேஷன் லெவல் 3 வெச்சு சீட் ஒரு 20 மாத்தி ஓட்டி ரெண்டு க்யூபிட் கேட் கம்மியா வர்றத எடுங்க. சோம்பேறித்தனமான வழிதான், ஆனா அல்காரிதத்த தொடாமயே இவ்ளோ லாபம் வேற எதுலயும் நான் பாத்ததில்ல.

கடைசியா, மெஷின் உங்க சர்க்யூட்ட எவ்ளோ தாங்குதுன்னு அளக்க நல்ல வழி, சர்க்யூட்ட போட்டு உடனே அதோட இன்வெர்ஸயும் போடுறது. எல்லாம் 0 வரணும், எவ்ளோ வருதுங்கிறதுதான் மார்க். நடுவுல பேரியர்ங்கிற தடுப்பு மட்டும் மறக்காம போடுங்க. நான் மொத தடவ போடாம ஓட்டி 97% வாங்கிட்டு, மெஷின் இவ்ளோ நல்லா இருக்குன்னு டீம்ல எல்லாருக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டேன். ஒருத்தர் "டெப்த் எவ்ளோ வந்துச்சு"ன்னு கேட்டார். போயி பாத்தா 1. ட்ரான்ஸ்பைலர் ரெண்டு பாதியையும் ஒன்னுக்கொன்னு கழிச்சு மொத்தமா தூக்கிட்டு மெஷர்மென்ட்ட மட்டும் மிச்சம் வெச்சிருந்துச்சு.